மனித மரபணுத் தொகுதிக்குள் இருக்கும் பழைய வைரஸ்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

நம் மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். இந்த வகை வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கி, நுழைந்த செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். கருமுட்டையையோ விந்தணுவையோ தரும் செல்லில் அது நடந்தால், பிள்ளை, பேரன் என்று வழிவழியாக வந்துகொண்டே இருக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் குளத்து மடையிலோ மண்டபச் சுவரிலோ பழைய கல்வெட்டுத் துண்டைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருந்தால், எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே அது வேறு இடத்துக் கல், இன்ன காலத்தது என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கேயும் அதே வேலைதான். நம் டி.என்.ஏ.வின் சுமார் 300 கோடி வேதி எழுத்துகளில் வைரஸ் மரபணுக்களின் சாயலைக் கணினி தேடுகிறது. நல்ல தடயம் வைரஸ் துண்டின் முனைகளில் இருக்கிறது: செருகப்படும்போது இரு முனைகளிலும் ஒரே எழுத்து வரிசை இருக்கும். அப்புறம் இரண்டும் தனித்தனியே மாறிக்கொண்டு போகும். வித்தியாசம் கூடக் கூட, நுழைந்த காலம் பழையது.

என்னை மிகவும் வியக்க வைப்பது சின்சிட்டின்-1. நஞ்சுக்கொடி உருவாக உதவும் இந்தப் புரதமே ஒரு பழைய வைரஸ் மரபணுவிலிருந்து வந்ததுதான்.

சளி பிடித்தால் அந்த வைரஸும் இப்படித் தங்கிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். சாதாரணச் சளி வைரஸ்கள் ரெட்ரோவைரஸ்கள் அல்ல, நமக்குள் இருக்கும் மிச்சங்களும் பெரும்பாலும் சிதைந்தவை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை.