கேள்வி – பதில்: மண்டி முந்தியது, ரயில் பிந்தியது

கேள்வி: என் தாத்தாவின் வெங்காய மண்டி தென் மும்பையின் மஸ்ஜித் பந்தரிலிருந்து நவி மும்பையின் வாசிக்கு மாறியது. குடியிருப்புக்காக எழுந்த நவி மும்பைக்கு மொத்தச் சந்தை எதற்கு?
– வாசகி, செம்பூர்

பதில்: பிழைப்புக்கு வழியில்லாத ஊரில் வீடு மட்டும் கட்டினால் யார் குடிவருவார்கள்? அதனால்தான், மகாராஷ்டிர அரசு நகர வளர்ச்சிக்காக 1970-இல் தொடங்கிய சிட்கோ நிறுவனம் நகரை அமைத்தபோது, வெங்காயம், தானியச் சந்தைகள் வாசிக்கும், இரும்பு வணிகம் அதே நகரின் களம்போலிக்கும் இடம்பெயர்ந்தன. மும்பையின் லாரி நெரிசலும் தணியும் என்பது கணக்கு. மூட்டைகள் வந்த வேகத்தில் அலுவலகங்கள் வரவில்லை. தலைமைச் செயலகம் மும்பையிலேயே தங்கிவிட, தென் மும்பையின் அலுவலகப் பகுதியான நரிமன் பாயிண்ட்டும் வளர்ந்துகொண்டே போனது. (அரசே நகராதபோது தனியார் நிறுவனங்களை மட்டும் குறை சொல்வானேன்?) 1992-இல் மும்பையின் மான்குர்டிலிருந்து கடற்கழியைக் கடந்து வாசிக்கு ரயில் வந்த பிறகே நிலைமை மாறியது என்பது என் கருத்து. பாதைச் செலவின் பெரும்பங்கை ஏற்ற சிட்கோ, வாசி நிலையத்தின் மேலேயே அலுவலகத் தளங்களை எழுப்பியதால், ரயிலை விட்டு இறங்குபவர் சாலையைக் கடக்காமலே வேலைக்குப் போய்விடலாம்.