கன்றுக்குட்டி எங்கே போனது? நனிசைவம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

12 வருடமாகப் பால், தயிர், நெய், முட்டை, கறி, மீன் எதையும் நான் தொடுவதில்லை. விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாத இந்த வழக்கத்தைத்தான் நனிசைவம் என்கிறோம், ஆங்கிலத்தில் வீகன். அதற்கு முன் கோபிசெட்டிபாளையம் பக்கம் கறவை மாடு வைத்துப் பிழைத்த வீட்டில் வளர்ந்தவள். விலங்குகளை உணவுக்குப் பயன்படுத்துவது சரியா என்று கேட்டு வந்தவற்றில் பலரும் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கவிதா, திருப்பூர்: கறி வேண்டாம் என்பது புரிகிறது அக்கா. பால் கறக்கும்போது மாட்டைக் கொல்வதில்லையே, அதில் என்ன தப்பு?

மாடு சும்மா பால் தராது கவிதா. கன்று போட்டால்தான் மடியில் பால். சினை ஊசி போட்டு, ஒன்பது மாதத்துக்குமேல் சுமந்து ஈன்று, அதன்பின் பத்து மாதம்போலக் கறக்கும். ஈன்ற இரண்டு மூன்று மாதத்திலேயே, கறந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த சினை ஊசி போட்டுவிடுவார்கள். ஒவ்வோர் ஈத்துக்கும் ஒரு கன்று வருகிறது. ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. ஏரும் வண்டியும் இருந்த காலத்தில் அதற்கொரு வேலை இருந்தது. இப்போது டிராக்டர் வந்துவிட்டது. கிடேரி என்றால் நாளைய கறவை, வைத்து வளர்ப்பார்கள். காளைக்கன்று குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் சொசைட்டிக்குப் போகாத லிட்டர்.

எங்கள் வீட்டுச் செவலை ஒருமுறை காளைக்கன்று போட்டது. சீம்பால் நாள் முடிந்ததும் அதற்கு ஒரு காம்புப் பால்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம் கழிச்சல் கண்டு செத்துப்போனது. கன்று இல்லாமல் செவலை பாலை அடக்கிக்கொண்டது. அப்பா ஆள் வைத்துத் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, நான்கு குச்சிகளைக் காலாகக் கட்டினார். அந்தத் தோல்கன்றைக் காலையும் மாலையும் தாயின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது. செவலை அதை நக்கும். நக்க நக்க மடி இறங்கும், அப்பா கறப்பார். இரண்டு மாதத்தில் நெற்றியிலும் முதுகிலும் முடியெல்லாம் போய்த் தோல் மட்டும் மினுமினுத்தது. அப்போதும் நக்கிக்கொண்டுதான் இருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. மாட்டுக்கு முன்னால் அவர் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. பால் தொழில் நல்லவரையும் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

சினை பிடிக்காத மாடு, பால் வற்றிய மாடு தரகர் கைக்குப் போகும். 20 வருடம் வாழக்கூடிய உயிர் ஐந்தாறு ஈத்தோடு அடிமாடாகிறது. நம் மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 வயதுக்கு மேற்பட்டு வேலைக்கும் கன்று போடவும் உதவாத மாட்டையோ, காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக உதவாமல் போன மாட்டையோதான் அறுக்கலாம். சந்தையில் லாரி ஏறுகிற மாடுகளின் பல்லைப் பிடித்து வயது பார்த்தவர்களுக்கு நிலவரம் தெரியும். 1998 முதல் உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. மாட்டிறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் இருக்கிறது. அது எருமைக்கறி, பெரும்பாலும் பால் பண்ணை வழியாக வருவது. இரண்டும் ஒரே தொழுவத்திலிருந்து புறப்படுகின்றன. அதனால்தான் பாலையும் கறியையும் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை.

திருவாரூரில் தேர்க்காலில் அடிபட்ட ஒரு கன்றுக்காகப் பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையைச் சொல்லித்தான் நம் பிள்ளைகளுக்கு நீதி கற்றுக்கொடுக்கிறோம். அந்தக் கதையில் பசு தாயாக மட்டுமே வருகிறது. அது கறவையா, வற்றியதா என்று யாரும் கேட்பதில்லை.

முருகேசன், செங்கம்: எங்களிடம் ஒரே ஒரு நாட்டு மாடு. கன்று குடித்தது போகத்தான் கறக்கிறோம். எங்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா அம்மா?

இல்லை ஐயா. உங்கள் தொழுவத்தையும் பெரிய பண்ணையையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். காளைக்கன்றை என்ன செய்தீர்கள், வற்றிய பிறகு அந்த மாடு உங்கள் வீட்டிலேயே இருக்குமா என்ற இரண்டை மட்டும் கேட்பேன். இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் நீங்கள் ஆயிரத்தில் ஒருவர். ஆனால் நகரத்தில் பாக்கெட் வாங்குகிறவர் உங்கள் மாட்டைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

பிரபு, கோவை: செடிக்கும் உயிர் இருக்கிறது என்று ஜகதீஷ் சந்திர போஸே காட்டியிருக்கிறார். கீரையைக் கிள்ளுவது கொலை இல்லையா?

தாவரம் தூண்டலுக்கு எதிர்வினை காட்டுகிறது என்பதை போஸ் கருவி வைத்து அளந்து காட்டினார். வலியை உணர நரம்பு மண்டலமும் மூளையும் வேண்டும், அவை கீரைக்கு இல்லை. தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்தார், நண்டுக்கு நான்கறிவு, விலங்குக்கு ஐந்தறிவு. உயிர் எல்லாவற்றுக்கும் உண்டு, உணர்வு ஒரே அளவில் இல்லை என்று அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறேன் தம்பி. செடிமேல்தான் இரக்கம் என்றாலும் நேராகச் செடியைத் தின்பதே குறைந்த சேதம். மாடும் கோழியும் பல கிலோ மக்காச்சோளமும் சோயாவும் தின்றுதான் ஒரு கிலோ கறியாகின்றன.

இளங்கோ, மதுரை: 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டி எங்களுக்கு வீடு தர மறுக்கிறார்கள். உங்கள் நனிசைவம் அதற்குப் புதுப் பெயர்தானே?

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் போர்டு ஆட்டுக்காக மாட்டியதல்ல, ஆளைப் பார்த்து மாட்டியது. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சிலரும் தனிச் சங்கம் தொடங்கி வீகன் என்ற சொல்லை உருவாக்கியதே, பால் குடிக்கும் சைவர்களிடமிருந்து பிரிந்து நிற்கத்தான். தீட்டு, சுத்தம் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. வற்றிய மாட்டை விற்று நெய்யில் சமைத்தவர் கை சுத்தம், அதை வாங்கி அறுத்தவர் கை அசுத்தம் என்பது பச்சைப் பொய். நனிசைவம் முதலில் கேள்வி கேட்பது அந்த நெய்யைத்தான். மாட்டுக்கறி தின்றார் என்று ஒரு மனிதரை அடிப்பவன் மாட்டுக்காகப் பேசவில்லை, என் பக்கத்திலும் அவனுக்கு இடமில்லை.

ஸ்டெல்லா, ஆசிரியை: பண்ணை முட்டையில் குஞ்சு கிடையாது, அதுவும் சைவம் என்கிறார்கள். சத்துணவில் முட்டை போடுவதையும் நிறுத்தச் சொல்வீர்களா?

முட்டையில் குஞ்சு இல்லைதான். முட்டைக் கோழி பொரிக்கும் இடத்தில் பாதிக்குப் பாதி சேவல் குஞ்சு. அது முட்டையும் இடாது, கறிக்கும் சதை வைக்காது. பொரித்த நாளிலேயே பிரித்துக் கொன்றுவிடுவதுதான் தொழிலின் வழக்கம். ஜெர்மனி 2022-இல் அதைத் தடை செய்தது. காட்டுக்கோழி வருடத்துக்கு 10, 15 முட்டை இடும். கூண்டுக் கோழி 300-க்கு மேல் இடுகிறது, ஒரு தாள் அகலம்கூட இல்லாத இடத்தில் இறக்கையை விரிக்க முடியாமல் நின்றுகொண்டு.

ஆனால் சத்துணவு முட்டையில் நான் கை வைக்க மாட்டேன் டீச்சர். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையின் தட்டிலிருந்து என் கொள்கையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. என் தோழர்கள் சிலருக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. தேர்ந்தெடுக்க வசதி உள்ளவர்கள் முதலில் விடட்டும். பிள்ளைக்கு அதே புரதம் சுண்டலிலும் கடலை மிட்டாயிலும் தாராளமாகக் கிடைக்க அரசு வழி செய்யட்டும், அதன் பிறகு பேசுவேன்.

அந்தோணி, ராமேஸ்வரம்: மீன் எங்களுக்கு உணவு மட்டுமில்லை, பிழைப்பு.

கட்டுமரத்தில் போய்வரும் குடும்பத்தைப் பார்த்து உபதேசம் செய்ய நான் யார் அண்ணா? மீனுக்கு வலி தெரியும் என்பதை மட்டும் மறைக்க மாட்டேன். 2003-இல் விஞ்ஞானி லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் உதட்டில் அமிலம் செலுத்தியபோது அது இரை எடுக்காமல், தரையில் கிடந்த கூழாங்கல்லில் உதட்டைத் தேய்த்தது. விசைப்படகு அள்ளிவரும் சங்காயம், அதாவது சாப்பாட்டுக்கு விலைபோகாத கழிவு மீன், எங்கே போகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உலர்த்தி அரைத்துக் கோழித் தீவனமாகிறது. உங்கள் கடலை வறட்டுவதும் அந்தக் கூண்டுதான்.

பாண்டி, உசிலம்பட்டி: குலசாமிக்குக் கெடா வெட்டினால் மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்கிறார்கள். கடையில் வாங்கித் தின்றால் நாகரிகமா?

நாகரிகம் என்று நான் சொல்லவில்லை. மேய்ந்து திரிந்த உங்கள் கெடா, நாற்பது நாளில் வெட்டப்படும் பிராய்லர் கோழியைவிட நன்றாக வாழ்ந்தது. என்னை உறுத்துவது அந்த மஞ்சள் தண்ணீர். தலையில் தெளித்து, அது உலுக்கினால்தான் உத்தரவு கிடைத்தது என்று வெட்டுகிறோம். உலுக்கும்வரை கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். கேட்காமல் ஓர் உயிரை எடுக்கக் கூடாது என்று அந்தச் சடங்குக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஈரம் பட்டால் எந்த ஆடும் உலுக்கும், அது சம்மதம் ஆகாது.

ரியாஸ், சென்னை: நான் ஒருத்தன் விட்டால் ஒரு கோழியாவது பிழைக்குமா?

தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்காக ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்று 256-ஆவது குறள் கணக்கை முடித்துவிட்டது. நாளைக்கே பண்ணை மூடாது. அடுத்த தொகுப்பில் எத்தனை குஞ்சு இறக்குவது என்பதை வாங்குகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதில் உங்கள் பங்கு சிறியது, ஆனால் இருக்கிறது.

தேன்மொழி, சேலம்: தேனும் கூடாதா?

கூடாது. அது தேனீ தனக்குச் சேர்த்து வைத்தது. நாட்டுச்சர்க்கரை இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

ஹேமா, தஞ்சாவூர்: உடம்பு தாங்குமா? என் பாப்பாவுக்கு நான்கு வயது.

பி12 மாத்திரை கட்டாயம். செடி உணவில் அது நம்பும்படி கிடையாது, சுருள்பாசியில் இருப்பதும் உடம்புக்கு உதவாத வகை. இதை அலட்சியம் செய்தால் நரம்பு கெடும், நனிசைவர்கள் யாரும் இதில் வீரம் காட்ட வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்கு 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம், அதோடு எள்ளும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. பாப்பாவுக்கு மட்டும் நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். குழந்தை மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் காட்டி, எடையையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

சாரதா, கும்பகோணம்: எல்லாம் சரி அம்மா, எனக்கு 67 வயது. கடைசிப் பிடி தயிர் சாதம் இல்லாமல் சாப்பாடு இறங்காதே?

எனக்கும் இறங்கவில்லை மாமி, நான் கடைசியாக விட்டது அதைத்தான். ஒரு டம்ளர் வேர்க்கடலையை இரவே ஊற வையுங்கள். காலையில் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு, நான்கு டம்ளர் தண்ணீர் சேர்த்து நைசாக அரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். அடி பிடிக்கும், கையை எடுக்காமல் பத்து நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஐந்தாறு பச்சைமிளகாய்க் காம்பை அப்படியே போட்டு மூடி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். முதல் தடவை கொஞ்சம் நீர்த்து, கடலை வாசம் தூக்கலாக இருக்கும், கொட்டிவிடாதீர்கள். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றுங்கள். மூன்றாவது தடவை கெட்டியாக விழும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, குழைந்த சாதத்தில் பிசைந்து, நாரத்தங்காய் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.