சாவியை வாங்கிக்கொண்டார், காரணம் சொல்லவில்லை

கேள்வி: கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்த வியாபாரக் கடையில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். எல்லாமாக இருபது பேர் வேலை செய்கிறோம். போன மாதம் முதலாளி காசு வைக்கும் லாச்சியின் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வங்கிக்கு இப்போது அவருடைய மருமகன்தான் போகிறார். நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். கேட்டால் "ஒன்றுமில்லை பிள்ளை" என்கிறார். மானத்தோடு நானே விலகிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு விலகாதீர்கள். கோபத்தில் நாளைக்கே போகாமல் நிற்பது அதைவிட மோசம். "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகத்தான் வரவில்லை" என்று அவர்கள் சொன்னால், உங்களை வேலைநீக்கம் செய்தார்கள் என்பதை, இப்படியான வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும். நீக்கியதை அவர்கள் ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டவேண்டிய பாரம் அவர்களுடையது.

சாவி யாரிடம் இருப்பது என்பது முதலாளியின் விருப்பம். மனதில் இருக்கும் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லும்படி சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. சம்பளத்தையோ பதவியையோ குறைத்தால் கதை வேறு. அப்போது அது மறைமுகமான வேலைநீக்கம் என்று வாதாட இடமுண்டு.

செய்யவேண்டியது ஒரு சின்னக் கடிதம். இப்படி எழுதுங்கள்: "கடந்த மாதம் முதல் லாச்சிச் சாவியும் வங்கி வேலையும் என்னிடமிருந்து எடுக்கப்பட்டுள்ளன. என் வேலையில் குறை ஏதும் இருந்தால் எழுத்தில் அறியத் தாருங்கள், விளக்கம் தர ஆயத்தமாக இருக்கிறேன். வழமைபோல் வேலைக்கு வருகிறேன்." பிரதியொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "உங்களுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காசு புழங்கும் வேலையில் இருப்பவரை நீக்கும்போது முதலாளிமார் வழக்கமாகச் சொல்லும் காரணமே நம்பிக்கை இழப்புத்தான். அதை நீங்களே எடுத்துக்கொடுப்பானேன்? வெறும் சந்தேகம் அதற்குப் போதாது. என்ன நடந்தது என்று அவர்கள் காட்டவேண்டும்.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்பதால் வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நீக்குவதென்றால் உங்களுடைய எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுத் தண்டனையாக நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஆக, இன்று வாய் திறக்காதவர் அன்றைக்கு எழுதித்தான் ஆகவேண்டும்.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை பற்றியும் பயம் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால், பிறகு நீங்களாக விலகினாலும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. மோசடி, கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் போன்ற காரணத்துக்காக நீக்கப்பட்டால்தான் அதில் கைவைக்கலாம், அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு மட்டும்.

கடிதம் போன பிறகு கூப்பிட்டு, "இதில் ஒரு கையெழுத்துப் போடு, பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று தாளை நீட்டினால், அது இராஜினாமாக் கடிதமா என்று வாசித்துப் பாருங்கள். வெற்றுத் தாள் என்றால் பேனாவையே எடுக்காதீர்கள்.