நெளியும் விளிம்பும் வளையும் சவ்வும்: பெங்களூரு நண்பர்களுக்குப் பதில்கள்

ஆய்வு மாணவி, ஜாலஹள்ளி: அக்கா, லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர்கூட இல்லை. அதன் விறைப்பைச் சாதாரண நுண்ணோக்கியில் எப்படி அளப்பது?

தடிமன் தெரிய வேண்டியதில்லை, விளிம்பின் நடுக்கம் தெரிந்தால் போதும். 20 மைக்ரான் அகல வெசிக்கிள் ஒன்றை, அதாவது அந்தச் சவ்வாலான குட்டிப் பையை, ஃபேஸ் கான்ட்ராஸ்டில் (ஒளிவிலகல் வேறுபாட்டை வெளிச்ச வேறுபாடாகக் காட்டும் நுண்ணோக்கி முறை) பாருங்கள். உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் இருந்தால் விளிம்பு பளிச்சென்று தெரியும். கனத்தில் அடியிலும் வந்து உட்காரும். சுற்றியுள்ள மூலக்கூறுகள் மோதி மோதி அந்த வட்டம் ஓயாமல் நெளியும். சில ஆயிரம் படங்களில் விளிம்பைப் பிடித்து, நெளிவை அலை அலையாகப் பிரியுங்கள். நீண்ட அலைகளை இழுவிசை அடக்குகிறது, குட்டை அலைகளை விறைப்பு அடக்குகிறது. 1973இல் இயற்பியலாளர் ஹெல்ஃப்ரிச் தந்த சவ்வு வளைவுக் கோட்பாட்டை வைத்துக் கணக்கிட்டால், டிஓபிசி என்ற லிப்பிடுக்கு விறைப்பு வெப்ப ஆற்றலைப் போல் சுமார் 20 மடங்கு வரும். கேமரா எக்ஸ்போஷரை மட்டும் மில்லிசெகண்டுக்குள் வையுங்கள்.

ஒயிட்ஃபீல்ட் வாசகர்: என் வெசிக்கிள் அசையவே இல்லையே?

தண்ணீர் உள்ளே புகுந்து உப்பியிருக்கிறது. வெளிக்கரைசலின் செறிவைக் கொஞ்சம் ஏற்றுங்கள், தொளதொளவென்று ஆகும்.

மாணவர், யஷ்வந்த்பூர்: எனக்கு 40 மடங்கு வருகிறது.

எக்ஸ்போஷர் எவ்வளவு? 30 மில்லிசெகண்ட் என்றால் குட்டை அலைகள் படத்திலேயே கலங்கிவிடும். நடுக்கம் குறைவாகத் தெரியும், சவ்வு விறைப்பாகத் தோன்றும்.

இன்னொருவர்: சிவப்பணுவில் செய்யலாமா?

1975இல் புரோஷாரும் லெனனும் அந்த நடுக்கத்தைத்தான் விளக்கினார்கள். ஆனால் அங்கே சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை இருக்கிறது. அதை உயிரணு ஆட்களிடம் கேளுங்கள்.

மல்லேஸ்வரம் பேராசிரியர்: கொலஸ்ட்ரால் சேர்த்தால் எந்தச் சவ்வும் விறைக்கும், பாடப்புத்தகத்திலேயே உண்டு.

இல்லை சார். எஸ்ஓபிசி என்ற இன்னொரு லிப்பிட் நன்றாகவே விறைக்கிறது. டிஓபிசி வெசிக்கிளில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

அவரே: 2020இல் நியூட்ரான் ஸ்பின் எக்கோவில் (நியூட்ரான் சிதறலை வைத்து அசைவை அளக்கும் முறை) டிஓபிசியும் விறைத்ததே?

விறைத்தது, மறுக்கவில்லை. அங்கே பார்ப்பது நானோமீட்டர், நானோசெகண்ட் அளவிலான அசைவு. நாம் பார்ப்பது மைக்ரான், மில்லிசெகண்ட். அந்த வேகத்தில் சவ்வு பிசுக்காகவும் நடந்துகொள்கிறது. அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் சண்டையே. எண்ணை எழுதும்போது எந்த நீளத்தில், எந்த வேகத்தில் அளந்தீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள் சார்.

மறுபடியும் ஒருவர்: எனக்கு 50 மடங்கு வருகிறது, ஏன்?

எக்ஸ்போஷர். மேலே சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள்.