அமெரிக்கக் கவிஞர் ரே ஆர்மன்ட்ரவுட்டின் வாசிப்புப் பதிவுகளில் ஒரு கவிதையை மட்டும் எப்படித் தேடிக் கேட்பது?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென்சவுண்ட் என்ற இணையக் கவிதை ஒலிக் காப்பகத்தில் அவருக்குத் தனிப் பக்கம் உண்டு. வாசிப்பு, நேர்காணல் எல்லாமே இலவசம். பல நிகழ்வுகளில் முழுக் கோப்போடு, கவிதைவாரியாக வெட்டிய எம்பி3களும் இருக்கும். தலைப்பைச் சொடுக்கினால் போதும். 2003இல் காப்பகத்தின் இணை நிறுவனரான கவிஞர் சார்லஸ் பெர்ன்ஸ்டைன் எழுதிய அறிக்கையே இப்படிப் பிரிக்கச் சொன்னது. அருமையான முடிவு அது, ஒரு மணி நேரப் பதிவில் துழாவ வேண்டியதில்லை.

ஆனால் கவிதைக்கு முன் அவர் சொல்லும் விளக்கம் வெட்டில் விடுபடலாம். அதற்கு முழுக் கோப்பையே கேளுங்கள். பிரிக்காத பதிவென்றால் இறக்கி ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால், கவிதைகளுக்கு இடையிலான மௌனம் அலைவடிவில் தட்டையாகத் தெரியும்.

இறக்கிய கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கவிஞர், தலைப்பு, இடம், தேதி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஒரே கவிதையை வெவ்வேறு ஆண்டுகளில் வாசித்திருந்தால், எது எந்த வாசிப்பு என்று பிறகு பிரித்தறிய முடியாது.