டாக்டர் ஹூ ஒலி நாடகங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அறிவியல் புனைவு பற்றிய உங்கள் கட்டுரையில் டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைக் குறிப்பிடும்போது, 'இத்தொடரின் மிகச்சிறந்த கதைகளில் சில தொலைக்காட்சிக்கு எழுதப்பட்டவை அல்ல, ஒலி நாடகங்களாக வந்தவை' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். நான் 2005க்குப் பிறகு வந்த தொடரை விரும்பிப் பார்த்தவன். அந்த ஒரு வரியை நம்பி, பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்ம் வார்னிங்' நாடகத்தை வாங்கி வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன்.

ஏமாந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே, காலத்தில் பயணிக்கும் கதாநாயகரான டாக்டர் தனியாக இருந்துகொண்டு, தான் காண்பதையெல்லாம் தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொள்கிறார். யாராவது அப்படிப் பேசுவார்களா? பிறகு பல குரல்கள் வந்ததும் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதே பிடிபடவில்லை. படம் எடுக்கப் பணம் இல்லாதவர்கள் செய்துகொண்ட மாற்று ஏற்பாடுதானே இது? பழைய நடிகர்களை மறக்க முடியாத ரசிகர்களுக்கான ஆறுதல் என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? உங்கள் ரசனையைக் குறைசொல்வதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட எதையோ நான் கேட்கவில்லை என்று தோன்றுவதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஸ்டார்ம் வார்னிங்கின் தொடக்கக் காட்சி பற்றி நீங்கள் சொல்வது சரி. அது பலவீனமான எழுத்து. கண்ணுக்குத் தெரிய வேண்டியதை வாயால் சொல்லவைப்பது வானொலி நாடகத்தின் பழைய நோய். டிமதி வெஸ்ட் என்ற பிரிட்டிஷ் நடிகர் இதைக் கேலிசெய்து ஒரு சிறு வானொலி நாடகமே எழுதியிருக்கிறார். 'என் வலக்கையில் இருக்கும் இந்தத் துப்பாக்கியில் குண்டு நிரப்பப்பட்டிருக்கிறது' என்பதுதான் அதன் தலைப்பு. அந்த நோய் பிக் ஃபினிஷின் பல நாடகங்களில் உண்டு. ஆனால் மிகச்சிறந்தவற்றில் இல்லை. நான் அந்த வரியை எழுதியது அவற்றை மனதில் வைத்துத்தான். போகிற போக்கில் சொல்லிவிட்டதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் அதற்கு வருகிறேன். 1963 நவம்பரில் பிபிசியில் தொடங்கிய நாள்முதலே டாக்டர் ஹூ பணம் இல்லாத தொடர்தான். அரங்கம் அட்டையில் இருக்கும், அசுரர்கள் ரப்பரில் இருப்பார்கள். பார்த்தவர்களை நம்பவைத்தது ஒலி. பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்ற ஒலிக்கூடத்தில் பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் கனத்த கம்பிகள்மீது வீட்டுச் சாவியை இழுத்து உராய்ந்து, அந்தப் பதிவை மாற்றி மாற்றிச் செய்ததுதான் டாக்டரின் நீலப் பெட்டி வடிவக் கால எந்திரமான டார்டிஸ் கிளம்பும் ஓசை. ரான் கிரெய்னர் எழுதிய தொடக்க இசையை டெலியா டெர்பிஷைர் நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கினார். ஒரு வாத்தியக்காரர்கூட வாசிக்காத இசை அது. டாக்டரின் பகைவர்களான, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகளின் குரல் ரிங் மாடுலேட்டர் என்ற மின்கருவி வழியாக வந்த மனிதக் குரல். அந்த மூன்று ஒலிகளையும் எடுத்துவிட்டால் அறுபதுகளின் டாக்டர் ஹூவில் மிஞ்சுவது ஒரு நீலப் பெட்டியும் சில தகர டப்பாக்களும். ஆகவே இந்தத் தொடர் ஒலிக்குப் போனதை நான் இறக்கமாகப் பார்க்கவில்லை. தன் வலுவான காலை ஊன்றி நின்றது என்றுதான் பார்க்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அறுபதுகளில் வந்த எபிசோடுகள் பலவற்றின் நாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் இன்று இல்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது! தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே மைக்கை வைத்து வீட்டில் பதிவுசெய்து வைத்திருந்த சிறுவர்களால்தான் அவை பிழைத்தன. நம் வானொலியில் திரைப்பட ஒலிச்சித்திரம் கேட்டவர்களுக்கும், ஊர்த் திருவிழாவில் 'திருவிளையாடல்' வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்தவர்களுக்கும் இந்த அனுபவம் தெரியும். படத்தை இழந்த ஒலியோடு ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்தத் தலைமுறையில் சிலர் 1984 முதல் ஆடியோ விஷுவல்ஸ் என்ற பெயரில் சொந்தமாக டாக்டர் ஹூ நாடகங்களை எழுதி, நடித்து, கேசட்டில் பதிந்து சக ரசிகர்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் டாக்டராக நடித்தவர் நிக்கலஸ் பிரிக்ஸ். கேரி ரஸ்ஸலும் அந்தக் குழுவில் இருந்தார்.

1989 டிசம்பரில் பிபிசி தொடரை நிறுத்தியது. 1996இல் பால் மெக்கேனை டாக்டராக வைத்து ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, அதுவும் தொடரவில்லை. 1999 ஜூலையில் பிக் ஃபினிஷ் உரிமம் பெற்று முதல் நாடகத்தை வெளியிட்டபோது அதை எழுதி இயக்கியவர் அதே பிரிக்ஸ். தயாரித்தவர் அதே ரஸ்ஸல். டாக்டர் உருவம் மாறும்போதெல்லாம் நடிகரும் மாறும் தொடர் இது. நடித்தவர்கள் தொலைக்காட்சியின் உண்மையான டாக்டர்கள்: பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய். கேசட்டில் எழுதிப் பழகிய கதைகளில் சிலவற்றை மறுபடி எழுதி இவர்களை வைத்தே பதிவுசெய்தார்கள். நீங்கள் சொல்லும் ஏக்கம் இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் காதுக்காகவே எழுதிப் பார்த்த பயிற்சியும் இருக்கிறது.

அந்தப் பயிற்சி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இரண்டு நாடகங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மார்க் பிளாட் எழுதி 2002இல் வந்த 'ஸ்பேர் பார்ட்ஸ்'. தொடரின் இன்னொரு எதிரிக் கூட்டமான, உடலை எந்திரமாக்கிக்கொண்ட சைபர்மென் எப்படி உருவானார்கள் என்ற கதை. மொண்டாஸ் என்ற கிரகம் சூரியனை விட்டு விலகிப் போகிறது. மக்கள் நிலத்தடி நகரம் ஒன்றில் குளிரில் வாழ்கிறார்கள். உடல் தாங்காதபோது உறுப்பை எடுத்துவிட்டு எந்திரத்தை வைக்கிறார்கள். அங்கே ஹார்ட்லி என்றொரு எளிய குடும்பம். அந்த வீட்டுப் பெண் இவானை வேலைக்கென்று அழைத்துப் போகிறார்கள். பிறகு ஒரு சைபர்மேன் அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

1966இல் தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்த சைபர்மென்னுக்கு ஒரு விசித்திரமான பேச்சு இருந்தது. சொற்களின் அழுத்தம் எல்லாம் தவறான இடங்களில் விழும், பாட்டு போல ஏறி இறங்கும். பிளாட்டின் நாடகம் அந்தப் பழைய குரலைத்தான் எடுத்துக்கொள்கிறது. வாசலில் வந்து நிற்பது அந்தக் குரல். தொலைக்காட்சியாக இருந்தால் முதலில் நாம் உலோக உடையைப் பார்த்திருப்போம், பிறகுதான் உள்ளே இருப்பது யார் என்று யோசித்திருப்போம். இங்கே குரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தக் குரலுக்கு அடியில் தன் மகளின் பேச்சு இருப்பதைத் தகப்பன் கண்டுகொள்ளும் அதே கணத்தில்தான் நாமும் கண்டுகொள்கிறோம். எந்தப் படத்தாலும் இதை இப்படிச் செய்ய முடியாது என்பது என் துணிபு. 2006இல் தொலைக்காட்சித் தொடர் சைபர்மென்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது மார்க் பிளாட்டுக்கு நன்றி சொல்லித்தான் கொண்டுவந்தது. ஆனால் அந்த வாசல் காட்சிக்கு இணையான ஒன்று அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ராபர்ட் ஷியர்மன் எழுதி 2003இல் வந்த 'ஜூபிலி'. டாலெக்குகளைத் தோற்கடித்த பெருமையில் திளைக்கும் ஒரு மாற்று இங்கிலாந்து. லண்டன் கோட்டைச் சிறையில் கடைசி டாலெக் ஒன்றை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். வெற்றி விழாவில் அதை மக்கள் முன்னால் கொல்லப் போகிறார்கள். டாக்டரோடு வந்திருக்கும் ஈவ்லின் என்ற வரலாற்றுப் பேராசிரியை அந்த டாலெக்கோடு உட்கார்ந்து பேசுகிறார். நாற்பது ஆண்டுகளாகக் கத்த மட்டுமே தெரிந்திருந்த குரல் அது. பிரிட்டனில் பள்ளி மைதானங்களில் குழந்தைகள் விளையாட்டாகச் செய்துகாட்டும் குரல். அது மெதுவாகப் பேசுகிறது, கேள்வி கேட்கிறது, தயங்குகிறது. நமக்கு இரக்கம் வருகிறது. ஆனால் அந்த இரக்கம் பாதுகாப்பானதுதானா என்ற பயம் கூடவே இருந்துகொண்டே இருக்கிறது. 2005இல் தொடர் மறுபிறவி எடுத்தபோது, சங்கிலியில் கட்டப்பட்ட ஒற்றை டாலெக்கின் எபிசோடைப் பார்த்திருப்பீர்கள். அதை எழுதியவரும் ஷியர்மன்தான். இந்த ஒலி நாடகத்திலிருந்து பிறந்தது அது. அதில் டாலெக்குக்குக் குரல் கொடுத்தவர் நிக்கலஸ் பிரிக்ஸ். கேசட்டில் டாக்டராக நடித்துப் பார்த்த அதே மனிதர். நீங்கள் விரும்பிப் பார்த்த தொடரின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

அந்த ஈவ்லினைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேகி ஸ்டேபிள்ஸ் நடித்த அந்தப் பாத்திரத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டியது. தொலைக்காட்சியில் டாக்டரின் துணைகள் பெரும்பாலும் இளம்பெண்கள். முதிர்ந்த பெண் ஒருத்தியைப் பயணத்துணையாகக் கதை நெடுகக் கொண்டுசெல்லும் துணிவு அங்கே இருக்கவில்லை. அவரோடு பயணம் செய்யும் ஆறாவது டாக்டர் காலின் பேக்கர் 1986இல் பிபிசியால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். கண்ணை உறுத்தும் பல வண்ணக் கோட்டு, முரட்டுத்தனமாக எழுதப்பட்ட வசனங்கள் என்று அவருக்குத் தொலைக்காட்சியில் அமைந்த எதுவும் சரியில்லை. ஒலியில் அந்தக் கோட்டு இல்லை. மிச்சம் இருப்பது மிக நல்ல நாடக நடிகர் ஒருவரின் குரல். தன்னைக் கண்டிக்கும் தகுதியுள்ள ஒரு பெண்ணின் அருகில் அந்த டாக்டர் கனிந்துபோகிறார். அநியாயமாகக் கெட்டுப்போன ஒரு பாத்திரத்தை ஒலி நாடகம் மீட்டுக் கொடுத்தது. இதற்கு ஆறுதல் என்று பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

இனி நீங்கள் கேட்ட நாடகத்துக்கு வருகிறேன். அதன் கதை நடக்கும் ஆர்101 கற்பனை அல்ல. 1930 அக்டோபர் 4 மாலை இங்கிலாந்தின் கார்டிங்டனிலிருந்து கராச்சிக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் வான்கப்பல் அது. பேரரசின் தூரங்களைச் சுருக்கும் என்று நம்பப்பட்ட அது மறுநாள் விடிவதற்குள் பிரான்சில் போவே நகருக்கு அருகே விழுந்து எரிந்தது. இருந்த 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். நாடகத்தில், மாறுவேடத்தில் அதில் ஏறிய சார்லி என்ற பெண்ணை டாக்டர் காப்பாற்றுகிறார். அவள் இறந்திருக்க வேண்டியவள் என்பது அவருக்குத் தெரியும். தொடக்கக் காட்சியின் பலவீனத்தைத் தாண்டி நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை இதுதான். அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வெளிவந்த நாடகங்களில் அந்த ஒரு செயலின் விளைவு கூடவே வருகிறது. 2002இல் வந்த 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்' அதில் ஒன்று. 1906ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஒரு பெரிய வீட்டின் அடுக்களை, மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாவு. ஆர்101க்கும் அந்த அடுக்களைக்கும் என்ன தொடர்பு என்பதை நான் சொல்லக் கூடாது.

அந்த வரிசையில் 'ஸ்கெர்ட்ஸோ' ஒன்று உண்டு. டாக்டரும் சார்லியும் மட்டும்தான். கண்ணைப் பறிக்கும் வெண்மையில் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை, மற்றப் புலன்களும் ஒவ்வொன்றாக மங்குகின்றன. கூடவே ஒலியால் ஆன உயிர் ஒன்று வளர்கிறது. கேட்பவரின் நிலையும் பாத்திரங்களின் நிலையும் ஒன்றாகிவிடுகின்றன. படமாக்கவே முடியாத நாடகம் அது. ஆனால் அதற்கு இப்போதே போகாதீர்கள், இருவரின் பின்கதை தெரியாமல் அது வலிக்காது.

குறைகளும் உண்டு. பிக் ஃபினிஷின் மாத வெளியீடு 2021இல் நின்றபோது 275 எண்களைத் தொட்டிருந்தது. துணை வரிசைகள் தனி. இத்தனையும் நன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. பிற்காலப் பெட்டித் தொகுப்புகளில் பழைய வில்லன்களும் பழைய டாக்டர்களும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வதே கதையாகிவிடுகிறது. ரசிகர்களுக்கான தீனி என்று நீங்கள் அவற்றைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். இறந்துபோன நடிகர்களின் பாத்திரங்களுக்கு வேறொருவர் அதே போலப் பேசுவது எனக்கு உவப்பில்லை.

கடைசியாக, கேட்கும் முறை. பஸ்ஸில் வேண்டாம். எஞ்சின் சத்தத்தில் முதலில் காணாமல் போவது யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்ற தகவல்தான், அது போனால் குரல்கள் குழம்பத்தான் செய்யும். நடிகர்கள் தனித்தனிக் கூண்டுகளில் நின்று பேசுகிறார்கள். அறையின் எதிரொலி, காலடி, கதவு, காற்று எல்லாம் பிறகு ஒலியமைப்பாளர் சேர்ப்பவை. இடது வலது என்று அவர் பிரித்து வைத்திருப்பது ஹெட்ஃபோனில் இரவு நேரத்தில்தான் முழுதாகக் கிடைக்கும். பிரிட்டிஷ் உச்சரிப்பு முதல் கால் மணி நேரம் உங்களைத் தடுக்கும். நிறுத்திவிட்டு அதே கால் மணியை மறுபடி கேளுங்கள், பெயர்கள் குரல்களோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். நான்கு பகுதிகளாகத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம்.

முதலில் ஸ்பேர் பார்ட்ஸ். முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. பிடித்திருந்தால் ஜூபிலி. அதன் பிறகு ஸ்டார்ம் வார்னிங்கை, தொடக்கக் காட்சியைப் பொறுத்துக்கொண்டு, மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு சைம்ஸ் ஆஃப் மிட்நைட்டுக்குப் போங்கள். இவானின் அப்பா பேசும் காட்சியைத் தாண்டியதும் எனக்கு எழுதுங்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

அன்புடன்