கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு ஜூரி அழைப்பாணை வந்தால்

கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) வைத்திருக்கும் உங்கள் தாயாருக்கு, ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, வரச்சொல்லி அழைப்பாணை வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கலிபோர்னியாவிலிருந்து வந்த அந்த அழைப்பாணையைக் குப்பையில் போட்டுவிடவும் கூடாது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் ஜூரியாக அமர முடியாது என்பதால், படிவத்தின் தகுதி வினாக்களில் 'அமெரிக்கக் குடிமகன் அல்ல' என்ற கட்டத்தைக் குறித்து, கையொப்பமிட்டு, குறித்த தேதிக்கு முன் அனுப்பிவிடுங்கள். ஆங்கிலம் போதாது என்பதும் அங்கே ஏற்கத்தக்க காரணம்தான் என்றாலும், மறுகேள்விக்கு இடமில்லாத முதல் காரணத்தையே எழுதுவது நல்லது.

குடியுரிமை இல்லாதவர் பெயர் ஜூரிப் பட்டியலில் எப்படி வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். வாக்காளர் பட்டியலோடு, ஓட்டுநர் உரிமமும் அடையாள அட்டையும் வழங்கும் டிஎம்வியின் பட்டியலிலிருந்தும் பெயர்களை எடுக்கிறார்கள். அந்த அட்டையை வாங்கக் குடியுரிமை தேவையில்லை. பெரும்பாலும் அவர் பெயர் அந்த வழியில்தான் வந்திருக்கும்.

இருந்தாலும் ஒன்றைச் சரிபாருங்கள். டிஎம்வியில் படிவம் நிரப்பியபோது, கவனக்குறைவாக வாக்காளர் பதிவுக்கும் சம்மதித்திருக்கிறாரா என்பதை மாநில வாக்காளர் இணையதளத்தில் அவர் விவரங்களைக் கொடுத்துப் பார்க்கலாம். பெயர் இருந்தால் நீங்களாக எதையும் திருத்தாமல், முதலில் குடிவரவு வழக்கறிஞரைக் கலந்தாலோசியுங்கள்; பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இது பெரிய சிக்கலாகக் கூடும்.

'தொல்லை எதற்கு' என்று யார் சொன்னாலும், குடிமகன் என்ற கட்டத்தை மட்டும் குறிக்கவே கூடாது. உண்மையைச் சொல்வதற்கு அபராதம் கிடையாது. பதிலே அனுப்பாமல் இருப்பதற்குத்தான் உண்டு. அனுப்புமுன் படிவத்தின் இரு பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.